கீழ்வீட்டுக் கொசுவலைக் கம்பு

பவானிபூர், கல்கத்தா-25
24-8-79, வெள்ளிக்கிழமை

மகாராஜராஜஸ்ரீ அத்திம்பேர் வெங்கட்ராமன் அவர்களுக்கு அனந்தகிருஷ்ணன் அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் க்ஷேமம். அவ்விடம் தாங்களும் அக்காவும், தங்கள் வீட்டில் பிரசவத்துக்கு வந்திருக்கும் என் பெண் விஜயாவும், அவளுக்குத் துணையாக வந்திருக்கும் என் சம்சாரம் கோமதியும் க்ஷேமமாக இருக்கக் கும்பேசுவரரையும், பக்கத்திலேயே இருக்கிறாளே என்று காளிகாட் காளியையும் பிரார்த்திக்கிறேன். ‘யாவரும் க்ஷேமம்’ என்று எழுதியது வழக்கத்துக்காக. யாவரும் என்பது இந்த வீட்டில் இப்போது நான் ஒருவன்தான். அந்த ஒருவனும் நாலு வாரமாக ஒற்றைக் காலில் நிற்கிறேன். இதை உங்கள் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதக் காரணம் இருக்கிறது. படித்ததும் கிழித்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகவும்.

தங்கள் 18-ந் தேதிக் கடிதம் கிடைத்தது. ‘நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, உள்ளே இவ்விடம் விசேஷம் ஒன்றும் இல்லை என்று எழுதுகிற மனுஷனை நான் இதுவரை பார்த்ததில்லை, பத்திரிகை வரும் வரும் என்று மூன்று வாரம் தபால்காரன் முகத்தைப் பார்த்து அலுத்துவிட்டேன், கோபுவுக்கு எந்த ஊர்ப் பெண், வங்காளியா, அதனால்தான் எங்களிடம் மறைக்கிறாயா’ என்று கேட்டிருக்கிறீர்கள். அத்திம்பேரே, என் பிள்ளை கோபு துர்காபூரில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டு, சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல், பிரம்மசாரியாக இருக்கிறான். கல்யாணம் யாருக்கும் இல்லை. அந்த மஞ்சள், மங்கள மஞ்சள் இல்லை. சுண்ணாம்போடு குழைத்துச் சூடு பண்ணி என் கணுக்காலில் போட்ட பத்து. அக்கா கூறைப்புடவைக்குச் சொல்லி வைத்திருந்தால் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடவும். அந்தக் கடிதத்தைப் பார்த்துக் கோமதி மட்டும் ஒன்றும் கேட்காமல் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் எதையும் கேட்காமல் விடுகிறவள் இல்லை. விஜயா கவலையில் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் தெரு முனையில் சுரங்க ரயிலுக்காகத் தோண்டியிருக்கிறார்கள். அதைத் தாண்டப் பலகை போட்டிருக்கிறார்கள், நல்ல பலகை, அதைக் குறை சொல்ல மாட்டேன். போன மாதம் 27-ந் தேதி காலை, மழை விட்டிருந்தது, லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு பலகையில் பாதி தூரம் வந்துவிட்டேன். எதிர்ப்பக்கத்திலிருந்து அதே பலகையில் நிபாரண் பாபு வந்தார். இவர் எங்கள் கீழ்வீட்டுக்காரர். டிராம் டிப்போவில் இன்ஸ்பெக்டராக இருந்து ரிடயர் ஆனவர், அறுபத்தாறு வயசு, நான் பார்த்து ஒரு நாள் சிரித்தது கிடையாது. பதினொரு வருஷமாக எங்களுக்குள் யுத்தம். கோமதி விடியற்காலையில் ஆட்டுக்கல்லில் இட்லிக்கு அரைப்பாள். அது அவர் தலைக்கு நேர் மேலே. உடனே கொசுவலைக் கம்பை எடுத்துக் கீழிருந்து கூரையில் டொக் டொக்கென்று இடிப்பார். பதினொரு வருஷம் அவர் இடிக்காத ஐந்தரை மணி கிடையாது, இவள் நிறுத்தினதும் கிடையாது. அப்பேர்ப்பட்டவர் எதிரே வந்தால் நான் எப்படிப் பின்னால் நடப்பேன்? அவரும் நடக்கவில்லை. ‘பிச்சே ஜான் மோஷாய்’, அதாவது பின்னால் போங்கள் ஐயா, என்றார். நான் கௌரவமாக அவரைப் பார்க்காமல் பக்கத்துச் சேற்றில் ஒரு காலை வைத்தேன். கால் போனது, நான் போனேன், முருங்கைக்காய் போனது. ஆக இந்தக் கால் ஒடிந்ததற்கு முழுப் பொறுப்பும் அந்த மனுஷன்தான்.

அவரே இறங்கி என்னைத் தூக்கினார். தூக்கும்போது பேசாமல் தூக்க வேண்டியதுதானே? ‘அரிசிச் சோறு தின்னு தின்னு மூட்டையாயிருக்கீங்க மோஷாய், ரெண்டு பேர் தூக்கற மூட்டை’ என்று தெரு பூராவும் கேட்கிற மாதிரி வங்காளத்தில் வைதார். இவர் மட்டும் கோதுமையா தின்கிறார்? மாடிக்குக் கொண்டுவந்து போட்டதும் அவர் சம்சாரம், நாங்கள் பௌதி, அதாவது மன்னி என்று கூப்பிடுகிறவள், மஞ்சள் சுண்ணாம்போடு வந்துவிட்டாள். பெண்பிள்ளை என் காலைத் தொடுவதாவது என்று நான் காலை இழுத்துக்கொண்டேன். நிபாரண் பாபு அந்தக் கிண்ணத்தைப் பிடுங்கித் தானே என் காலில் அப்பினார். நான் அலறலை நிறுத்தியதும் முதல் வேலையாகக் கோமதிக்கு ஒரு இன்லண்டு லெட்டரில் ‘இவ்விடம் விசேஷம் ஒன்றும் இல்லை, முருங்கைக்காய் நல்ல விலை’ என்று எழுதினேன். அவர் அதே மஞ்சள் கையோடு அதைப் பிடுங்கி, மடித்து, நாக்கால் ஒட்டி, தபாலில் போட எடுத்துப் போனார். தபால் பெட்டி இரண்டு நிமிஷ நடை. மனுஷன் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆயிற்று. எங்கே ஊர் சுற்றினாரோ தெரியாது. அடுத்த நாள் எக்ஸ்ரேயில்தான் எலும்பு முறிவு என்று தெரிந்து மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம்.

இதைக் கோமதிக்கு ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். விஜயாவுக்குப் போன தடவை ஏழாம் மாசத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குக் கை வரவில்லை. இந்தத் தடவை அம்மா இவள் பக்கத்தை விட்டு அசையக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் அம்மா கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள் என்று அக்காவே எழுதியிருக்கிறாள். என் கால் ஒடிந்தது தெரிந்தால் கோமதி என்ன செய்வாள்? பெட்டி கூட எடுக்காமல் ஸ்டேஷனுக்குப் போவாள். எனக்குக் கால் ஒன்று, அது கோணலாக ஒட்டினாலும் ரிடயர் ஆகப்போகிறவனுக்குப் போதும். அங்கே இருப்பது இரண்டு உயிர். அதனால் விஜயாவுக்குக் குழந்தை பிறக்கும் வரை கோமதி காதில் இது விழக்கூடாது. நான் வாரம் இரண்டு கடிதம் ‘தினம் ஆபீஸ் போய் வருகிறேன், நடை நன்றாக இருக்கிறது’ என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இந்த நாலு வாரத்தில் நான் பட்ட கஷ்டத்தை யாரிடம் சொல்வது? சாப்பாடு கீழ்வீட்டிலிருந்து வருகிறது. நான் கேட்கவில்லை, வருகிறது. வேண்டாம் என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினேன். நிபாரண் பாபு தானே தூக்கிக்கொண்டு வந்து, நான் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரில் முக்காலியில் உட்கார்ந்து, டிக்கெட் இல்லாத பிரயாணியைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். பருப்பில் சர்க்கரை போட்டிருந்தது. சர்க்கரை, அத்திம்பேரே! கூட்டில் சர்க்கரை, சட்னியில் சர்க்கரை. ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டு தின்றேன். பிறகு ஒரு நாள் திடீரென்று வத்தக்குழம்பு வந்தது. பெருங்காயம், வெந்தயம், புளி எல்லாம் அளவாக. நம் வீட்டுக் குழம்பேதான். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று பௌதியைக் கேட்டேன். ‘கனாவில் வந்தது’ என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். நாம் ஒன்று கேட்டால் இவர்கள் ஒன்று சொல்வார்கள். ஒரே ஒரு சௌகரியம், பதினொரு வருஷமாகக் கீழேயிருந்து ஏறி வரும் மீன் வாசனை இந்த ஒரு மாதமாக இல்லை. காற்று திசை மாறியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

அட, இவர்களோடு ஒப்பிட்டால் நம் சேஷாத்ரி எப்பேர்ப்பட்ட மனுஷர்! பாலிகஞ்சில் இருக்கிறார், நம் தமிழ்ச் சபையில் காரியதரிசி. விழுந்த மறுநாளே செய்தி கேட்டு வந்துவிட்டார். ‘அனந்து, நீ தனி ஆள்னு நினைக்கவே கூடாது. எதுவானாலும் ஒரு வார்த்தை சொல்லு, நான் ஓடி வந்து நிக்கறேன்’ என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இரண்டு மணி நேரம் மனிதாபிமானத்தைப் பற்றிப் பேசினார். நான்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு போய் அவருக்குக் காபி போட்டேன். காபி நன்றாயிருக்கிறது என்று இன்னொரு டம்ளர் வாங்கிச் சாப்பிட்டார். அன்றைக்கே எக்ஸ்ரேக்குத் தன் காரில் அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். மத்தியானம் வரை மாடிப்படியில் உட்கார்ந்து காத்திருந்தேன். ஏதோ அவசர வேலை வந்திருக்கும், பாவம், பெரிய மனுஷர். அந்தச் சமயம் பார்த்து இந்த நிபாரண் பாபு, அழையா விருந்தாளி, ஒரு கைரிக்ஷாவைக் கூட்டிக்கொண்டு வந்து என்னைப் பொட்டலம் மாதிரி தூக்கி வைத்தார். முழங்கால் தண்ணீரில் ரிக்ஷாக்காரன் இழுக்க, இவர் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வந்தார். வழி பூரா ரிக்ஷாக்காரனோடு சண்டை, என்னோடு சண்டை, வானத்தோடு சண்டை. ஒரு ஆறுதல் வார்த்தை? மூச்!

இதெல்லாம் போகட்டும். முக்கியமான கொடுமையைச் சொல்கிறேன். ஆட்டுக்கல் சும்மா கிடக்கிறது, கோமதி ஊரில் இல்லை, சத்தமே கிடையாது. ஆனாலும் நான் விழுந்த பத்தாம் நாளிலிருந்து சரியாகக் காலை ஐந்தரைக்கு அந்த மனுஷன் கொசுவலைக் கம்பால் இடிக்கிறார். டொக் டொக்! எதற்கு? பழக்கதோஷமா, வேண்டுமென்றே ஒரு நோயாளியின் தூக்கத்தைக் கெடுக்கிற குரூரமா? நான் விட்டேனா? ஊன்றுகோலை எடுத்துத் தரையில் பலமாக மூன்று இடி இடித்தேன். கீழே உடனே அடங்கிற்று. அன்றிலிருந்து தினம் இதேதான். அவர் இரண்டு, நான் மூன்று. நான் இடிக்காவிட்டால் விடமாட்டேன் என்கிறார், இடித்துக்கொண்டே இருக்கிறார். பத்து நாளைக்கு முன் எனக்குக் கொஞ்சம் ஜுரம். கையில் தெம்பில்லை. சரி, நாமாவது பெரிய மனுஷத்தனமாக இருப்போம் என்று லேசாக ஒரு தட்டுத் தட்டினேன். இரண்டே நிமிஷம், லுங்கியும் பனியனுமாக மாடியில் நிற்கிறார்! கதவை உடைக்காத குறை. திறந்தால் வணக்கமில்லை, ஒன்றுமில்லை, நெற்றியில் கையை வைத்து, ‘தூர்!’, அதாவது சீ போ, என்று ஒரு உறுமல், போய்விட்டார். அரை மணியில் டாக்டரோடு வந்தார். மெதுவாகத் தட்டினதும் ஒரு குற்றமா? மரியாதை காட்டினால்கூடச் சண்டைக்கு வருகிறவனோடு எப்படிக் காலம் தள்ளுவது?

இப்போது என் பயம் என்னவென்றால், அவர் எதையோ மறைக்கிறார். தினம் போஸ்டாபீஸ் போகிறார். ரிடயர் ஆன மனுஷனுக்குத் தினம் என்ன தபால்? ‘பௌமா என்ன எழுதறா, அவளுக்கு எப்போ சொல்லப் போறீங்க’ என்று முதல் நாள் கேட்டார். பௌமா என்றால் மருமகள், கோமதியை அப்படித்தான் கூப்பிடுவார். ‘சொல்லக்கூடாது, சொன்னால் நான் உங்களை மன்னிக்க மாட்டேன்’ என்று விஜயா விஷயத்தை எல்லாம் எடுத்துச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டு கீழே போய்விட்டார். அந்த மௌனம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. பதினொரு வருஷப் பகை, ஒரு கார்டில் நாலு வரி எழுதி என் குடியைக் கெடுக்க அவருக்கு எத்தனை நேரம் ஆகும்?

ஆகவே தங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். கல்கத்தா முத்திரையோடு என் கையெழுத்து இல்லாமல் எந்தத் தபால், தந்தி வந்தாலும், தபால்காரனை வழியிலேயே மடக்கி நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளவும். கோமதி கையில் போகக்கூடாது. அடுத்தபடியாக, மார்ச் மாதம் நான் ரிடயர் ஆகிறேன். கும்பகோணத்திலேயே ஒரு சின்ன வீடாகப் பார்த்து வைக்கவும். தரை வீடாக இருக்கட்டும். கீழே யாரும் இருக்கக்கூடாது, மேலேயும் யாரும் இருக்கக்கூடாது, பக்கத்தில் இருப்பவர்கள் பேசாதவர்களாக இருந்தால் உத்தமம். இந்த ஊர் எனக்குப் போதும். சேஷாத்ரி மாதிரி நல்ல மனசுக்காரர்களைப் பிரிவதுதான் வருத்தம். இந்தக் கடிதத்தைக்கூட நிபாரண் பாபுவிடம் கொடுக்க முடியாது. சேஷாத்ரி நாளை சனிக்கிழமை கட்டாயம் வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார், அவரிடம்தான் கொடுக்கப் போகிறேன்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். விஜயாவுக்கு என் ஆசீர்வாதத்தை, ஆபீஸுக்குத் தபால் வந்தது என்று சொல்லாமல், நீங்களே தோன்றிச் சொன்ன மாதிரி சொல்லவும். அவள் நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க வேண்டும், வேறு ஒன்றும் எனக்கு வேண்டாம்.

இப்படிக்குத் தங்கள் ஆசியை வேண்டும்,
அனந்தகிருஷ்ணன்

பின்குறிப்பு (27-8-79, திங்கட்கிழமை): சேஷாத்ரி சனியும் வரவில்லை, ஞாயிறும் வரவில்லை. அதனால் இந்தக் கடிதம் தலையணை அடியிலேயே கிடந்தது. இன்று மத்தியானம் நிபாரண் பாபு மாடிப்படி அதிர ஏறி வந்தார். கையில் ஒரு தந்தி. ‘உட்காருங்க மோஷாய்’ என்றார். உட்கார்ந்துதான் இருக்கிறேன் என்றேன். ‘அப்போ கட்டிலைப் பிடிச்சுக்கோங்க’ என்றார். தந்தி அவர் பேருக்கு வந்திருந்தது. ‘பெண் குழந்தை. இருவரும் நலம். மெதுவாகச் சொல்லவும். துள்ளிக் குதிப்பார். கால் ஜாக்கிரதை. கோமதி.’

நான் அதை நாலு தடவை படித்தேன். முதல் இரண்டு தடவை பெண் குழந்தையைத்தான் படித்தேன். மூன்றாம் தடவைதான் ‘கால் ஜாக்கிரதை’ கண்ணில் பட்டது. அத்திம்பேரே, அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்! என் மஞ்சள் கடிதத்தில் இருந்த விலாசத்தைப் பார்த்து எழுதி, அன்றைக்கே இவர் ஒரு கார்டு போட்டிருக்கிறார். அந்த ஒரு மணி நேரம் அதற்குத்தான். ‘மாடியில் ஒரு கால் போச்சு. மீதி மனுஷன் நன்றாக இருக்கிறான். நீ பெண்ணை விட்டுவிட்டு வராதே, இங்கே நாங்கள் இருக்கிறோம். வரவேண்டிய நிலைமை வந்தால் நானே தந்தி கொடுப்பேன்’ என்று இங்கிலீஷில் எழுதினாராம். அதிலிருந்து தினம் ஒரு கார்டு. அவள் எழுதின பதில்களை ஒரு நூலால் கட்டி வைத்திருந்தார், என் மடியில் போட்டார். அவளுடைய ஸ்கூல் இங்கிலீஷ். ஒன்றில் வத்தக்குழம்பு செய்முறை. ஒன்றில், சர்க்கரை போடாதீர்கள், அவர் சொல்ல மாட்டார், உள்ளுக்குள் அழுவார் என்று எழுதியிருக்கிறாள். முதல் கடிதத்தில் இப்படி: ‘அவர் உடம்பைப் பற்றி அவரிடம் கேட்காதீர்கள், பொய் சொல்வார். காலையில் தட்டிப் பாருங்கள். கோபமாகத் திருப்பித் தட்டினால் சௌக்கியமாக இருக்கிறார் என்று அர்த்தம். என்றைக்கு மெதுவாகத் தட்டுகிறாரோ அன்றைக்குத் தந்தி கொடுங்கள், நான் வருகிறேன்.’

ஜுர நாளன்று தந்தி கொடுத்தீர்களா என்று கேட்டேன். ‘எழுதி எடுத்துட்டுக் கிளம்பினேன். படி இறங்கறப்போ நீங்க டாக்டரை வையற சத்தம் தெரு வரைக்கும் கேட்டது. சரி, பிழைச்சுக்குவார்னு கிழிச்சுப் போட்டேன்’ என்றார். அப்போதும் சிரிக்கவில்லை. மீன் விஷயமும் பௌதி இன்றுதான் சொன்னாள். என் சாப்பாடு ஆகிற அடுப்பு என்பதால் ஒரு மாதமாக அந்த வீட்டில் மீன் இல்லை. இலிஷ் மீன் வருகிற மழைக்காலம் இது, ஒரு வங்காளிக்கு அது என்ன என்று இங்கே இருபது வருஷம் இருந்தவனுக்குத் தெரியும். காளிகாட்டில் தம்பி வீட்டுக்குப் போய் ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாப்பிட்டுவிட்டு வருகிறாராம். எனக்கு வெட்கமாக இருந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ‘தூர்! பேச்சு வேண்டாம், இந்த சந்தேஷைத் தின்னுங்க’ என்று அந்தப் பால் இனிப்பில் ஒன்றை என் வாயில் திணித்துவிட்டுப் போய்விட்டார். நிறையச் சர்க்கரை. முழுவதும் தின்றேன்.

ஆகையால் மேலே எழுதியதில் நமஸ்காரத்தையும் ஆசீர்வாதத்தையும் கல்யாணம் இல்லை என்பதையும் மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை எல்லாம் அடித்துவிடவும். வீடு பார்க்க வேண்டாம். தபால்காரனை மடக்க வேண்டாம். இதெல்லாம் உங்களுக்கும் முன்பே தெரியும் என்றால், மஞ்சளுக்காக நீங்கள் கோபித்துக்கொண்டு எழுதிய கடிதம் நல்ல நடிப்பு, நமஸ்காரம். கோமதியிடம், எனக்குத் தெரிந்துவிட்டது என்று சொல்ல வேண்டாம். அவள் என் பொய்யை ஒரு மாதம் நம்பினாள், நான் அவள் பொய்யைக் கொஞ்ச நாள் நம்புகிறேன். விஜயா நாற்பது நாள் அவள் கையை விடக்கூடாது.

நாளைக் காலை ஐந்தரைக்கு அவர் தட்டுவார். எனக்கு இப்போது அவர்மேல் துளி கோபமும் இல்லை. ஆனாலும் பலமாகத்தான் இடிக்க வேண்டும். மெதுவாகத் தட்டினால் அந்த மனுஷன் தந்தி கொடுத்துவிடுவார், அவள் கைக்குழந்தையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாள்.

இந்தக் கடிதத்தை நிபாரண் பாபுவிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். மஞ்சள் இந்தத் தடவை நானே தடவியிருக்கிறேன்.